மெர்ல் காஸ்டிகனின் மூன்றாவது கூட்டம்

கூரவின் நகர்மன்றத்தில் உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருந்தது. கொடியை எந்த உயரத்துக்கு இறக்குவது, நாற்காலியில் என்ன பூ வைப்பது, மேயர் எத்தனை நிமிடம் பேசலாம் என்பதுவரை எழுதி வைத்திருந்தார்கள். உறுப்பினரின் கணவர் இறந்துபோனால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஊர் கூடி, துக்க வீட்டுக்கென்று இறைச்சி அடுக்கிச் சுட்ட லசான்யா செய்தது.

மே மாதக் கடைசியில் ராஸ் காஸ்டிகன் மாட்டுச் சந்தையில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே, பட்டிக் கம்பியைப் பிடித்தபடி சரிந்து விழுந்தார். ஏலத்தை இருபது நிமிடம் நிறுத்தினார்கள். அந்தச் சந்தையில் வெள்ளத்துக்குக்கூட அவ்வளவு நேரம் நிறுத்தியதில்லை. அவருடைய மனைவி மெர்ல், பதினாறு வருடமாக நகர்மன்ற உறுப்பினர். அடக்கத்துக்கு ஒன்பது உறுப்பினர்களும் வந்தார்கள், மெர்லையும் சேர்த்து. மேயர் நெவில் ஹார்டிகன் சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினார். பதினாறு வருடமாக மெர்லை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அவர்தான் என்பதால் அது பொருத்தம்தான் என்று எல்லாருக்கும் பட்டது.

ஜூன் கூட்டத்துக்கு மெர்ல் வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு உட்கார்ந்து, ‘உறுப்பினர் காஸ்டிகன் வர இயலாததற்கு வருத்தம் தெரிவித்துள்ளார்’ என்று குறிப்பேட்டில் பதிந்துகொண்டார்கள். அவர் அப்படி எதையும் தெரிவித்திருக்கவில்லை. அவர் சார்பில் கூரவின் தெரிவித்தது. ஜூலையிலும் அதே.

ஜூலைக் கூட்டம் முடிந்த மறுநாள்தான் பொது மேலாளர் பிரயனி வில்காக்ஸ் மேயரின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். பிரயனிக்கு நாற்பது வயது, சிட்னியிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதனால் கதவைச் சாத்திவிட்டு நேராக விஷயத்துக்கு வரும் பழக்கம் இன்னும் போகவில்லை. வருத்தம் தெரிவிப்பது வேறு, விடுப்பு வேறு என்றார். விடுப்பு வாங்காமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் பதவி தானாகவே காலியாகிவிடும். யாரும் நீக்க வேண்டியதில்லை, ஓட்டெடுப்பும் கிடையாது. மூன்றாவது கூட்டம் முடிந்து விளக்கை அணைக்கும்போது அந்த நாற்காலி வெறும் நாற்காலி. அந்த மூன்றாவது கூட்டத்திலேயேகூட விடுப்புக் கொடுக்கலாம். ஆனால் அவர் கேட்க வேண்டும், எழுத்தில், காரணத்தோடு. பிரயனி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மெர்ல் மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிரயனிக்குத் தெரியாது, அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் ஒரு படிவத்தை அச்செடுத்து மேயரிடம் கொடுத்தார். நெவில் அதை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு முறை மெர்லின் வீட்டுக்குப் போனார். முதல் முறை அவருடைய புல்தரையை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாம் முறை போனபோது புல் இன்னும் வளர்ந்திருக்கவில்லை, அப்படியும் வெட்டினார். படிவம் பையிலேயே இருந்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் போய் விண்ணப்பப் படிவத்தை நீட்டுவது கூரவினில் நடக்கிற காரியம் இல்லை. லசான்யா கொடுக்கலாம், புல் வெட்டலாம், சாக்கடை மூடியைச் சரிசெய்யலாம். மெர்லுக்கு இந்த மூன்று மாதத்தில் ஊர் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தது, அவருக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு தாளைத் தவிர.

ஆகஸ்ட் மாதத்தின் நான்காவது செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. கூட்டம் மாலை ஐந்தரைக்கு. நெவில் மூன்று மணிக்கு மெர்லின் வீட்டு மணியை அடித்தார்.

கதவைத் திறந்த மெர்ல் முதலில் அவர் கையைத்தான் பார்த்தார்.

"லசான்யா இல்லையே?"

"இல்ல."

"அப்ப உள்ள வா."

சமையலறை சுத்தமாக, யாரும் சமைக்காத சுத்தத்தோடு இருந்தது. குளிர்பெட்டி நிரம்பி வழிந்ததால் மிச்சத்தைக் கார் ஷெட்டில் ராஸ் தூண்டில் இரை வைக்கும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டதாக மெர்ல் சொன்னார். இதுவரை பத்தொன்பது லசான்யா வந்திருந்ததாம். "இறால் குஞ்சுக்குப் பக்கத்துல உன் வீட்டு லசான்யா இருக்கு. சீட்டு ஒட்டித்தான் வச்சிருக்கேன். ஒட்டாம ரெண்டும் மாறிப்போயிருந்தாலும் பெருசா மோசம் போயிருக்காது."

நெவில் சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தார். மெர்ல் சிரிக்கவில்லை. கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டுத் தேநீர் போட்டார். மூன்று மாதத்தில் அவர் பாதியாகியிருந்தார். நகர்மன்றத்தில் மேசையைத் தட்டித் தட்டிப் பேசும் அந்தக் கைக்கு, இப்போது கெட்டிலைத் தூக்கவே இன்னொரு கையின் துணை வேண்டியிருந்தது.

நெவில் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். முப்பது வருடம் டயர் கடை வைத்திருந்தவர்; கெட்ட செய்தியைச் சக்கரம் சக்கரமாகச் சொல்லத் தெரியும். இன்றைக்கு மூன்றாவது கூட்டம். ஒன்று, வர வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனாலும் போதும். இல்லையென்றால் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இன்று இரவோடு பதவி போய்விடும். இன்றைய கூட்டத்தில் நீச்சல் குளத் தீர்மானமும் வருகிறது என்பதையும் சொன்னார், சொல்லாமல் விடுவது சரியில்லை என்பதால்.

நீச்சல் குளம்தான் அவர்கள் இருவருக்கும் நடுவில் பதினாறு வருடமாக இருந்தது. போர் நினைவுக் குளம். ஐம்பது மீட்டர் நீளம், ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் லிட்டர் கசிவு. வறட்சியில் ஊரே காய்ந்து கிடந்த வருடத்திலும் அதைச் சுற்றி நின்ற யூகலிப்டஸ் மரங்கள் மட்டும் கொழுத்து நின்றன. அதை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் பக்கத்தில் கூரை போட்ட புதுக் குளம் கட்ட வேண்டும் என்பது நெவிலின் கட்சி. குழாயை மாற்றினால் கசிவு நிற்கும், பழைய குளம் இன்னும் நாற்பது வருடம் தாங்கும் என்பது மெர்லின் கட்சி. மெர்ல் இருந்தால் குளத்துக்கு ஐந்து ஓட்டு, நெவிலுக்கு நான்கு. மெர்ல் இல்லாவிட்டால் நான்குக்கு நான்கு. ஓட்டு சமமாகப் பிரிந்தால் முடிவு செய்ய மேயருக்கு இன்னொரு ஓட்டு உண்டு.

மெர்ல் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிவத்தைப் படித்தார். பெயர், வார்டு, எத்தனை கூட்டங்களுக்கு விடுப்பு. நான்காவது வரியில் விரலை வைத்தார்.

"காரணம்னு ஒரு வரி விட்டிருக்கே."

"தனிப்பட்ட காரணம்னு போட்டா போதும். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"மன்றத்துல உன் ஆளு டேரல் குடிச்சுட்டு வண்டிய ரவுண்டானாமேல ஏத்தி லைசென்ஸ் போச்சே, அன்னைக்கும் அதத்தானய்யா எழுதினான். தனிப்பட்ட காரணம். அதே வரியில ராஸையும் கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?"

நெவில் தேநீரைப் பார்த்தார். வேண்டுமானால் தானே ஏதாவது எழுதித் தருவதாகவும் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் சொன்னார். அதற்கு மெர்ல், பதினாறு வருடத்தில் நீ எழுதின எதிலாவது நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனா என்று கேட்டார். இல்லைதான்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. மெர்லின் தொட்டியையும் அவரே உருட்டிக்கொண்டு போனார். மூன்று மாதமாக அப்படித்தான்.

"எனக்கு இருட்டுல வண்டி ஓட்ட வராது, கண்ணு தெரியாது" என்றார் மெர்ல். "உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒவ்வொரு மாச நாலாவது செவ்வாயும் ராஸ்தான் கொண்டாந்து விட்டுட்டு மண்டபத்துக்கு எதிர்ல வண்டியிலேயே உக்காந்திருப்பாரு. வீட்டுக்குப் போயிட்டு வாங்கன்னா கேக்க மாட்டாரு. நீ மழைத்தண்ணி வடிகாலப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினியே ஒரு நாள், அன்னைக்கு வெளிய உறைபனி. வந்து பாக்கறேன், நாய்க் கம்பளியப் போத்திக்கிட்டு ரேடியோ கேட்டுட்டிருக்காரு. யார் ஜெயிச்சதுன்னு கேட்டாரு. நான் கிரிக்கெட்டக் கேக்கறாருன்னு நெனச்சேன். நம்ம சண்டையக் கேட்டாரு."

நெவில் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பதினாறு வருஷம் நெவில். அந்தச் சாயங்காலம் எல்லாத்தையும் உனக்குக் குடுத்தேன். உனக்கும் டேரலுக்கும் அந்தக் கசியற குழாய்க்கும். அவரு தெருவுல உக்காந்திருந்தாரு. இப்ப அந்த நாற்காலிய வச்சுக்கறதுக்கு நான் காரணம் எழுதணுமா?"

"விட்டுடணும்னா விட்டுடு. ஆனா நீயா விடணும். யாரும் சொல்லாததால போகக் கூடாது."

மெர்ல் படிவத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மடிப்புகளில் தாள் துணி மாதிரி தளர்ந்திருந்தது. ஓர் ஓரத்தில் பேனா மை இறங்கியிருந்தது. அவர் எதையும் விடாமல் படிக்கிறவர், தாளையும் படித்தார்.

"எத்தன நாளா இது உன் பையில இருக்கு?"

நெவில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு வாரமும் சொச்சமும்."

"ரெண்டு தடவ வந்தியே. வந்து புல்லு வெட்டினியே."

"ஆமா."

"பையில வச்சுக்கிட்டா வெட்டினே?"

"ஆமா."

மெர்ல் கண்ணாடியைக் கழற்றினார். நெவில் தன் கைகளைப் பார்த்தார். முப்பது வருட ரப்பர் கறுப்பு நகக்கண்ணிலிருந்து இன்னும் போகவில்லை.

"மொத தடவ, நீ அழுத மாதிரி இருந்துச்சு. எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன். அப்படித்தான் நெனச்சேன். வண்டியில திரும்பிப் போறப்ப வேற ஒண்ணு தோணுச்சு. நீ இல்லைன்னா நாலுக்கு நாலு. குளம் என் பக்கம். அது தோணினப்புறம் ரெண்டாம் தடவ வந்தேன். அப்பவும் எடுக்கல. சங்கடப்பட்டு எடுக்கலையா, அதுக்காக எடுக்கலையான்னு எனக்கே தெரியல மெர்ல். யோசிச்சுப் பாத்துட்டேன். நெசமாவே தெரியல. அதச் சொல்லாம இங்கேருந்து போகக் கூடாதுன்னு வந்தேன்."

மெர்ல் அவரைப் பார்த்தபடியே இருந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பதைக் காட்டியது. திட்டுவார் என்று நெவில் எதிர்பார்த்தார். திட்டினால் நல்லது என்றும் நினைத்தார். மூன்று மாதமாக ஊரே மெர்லிடம் நல்லவிதமாக மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவரிடம் உண்மையைப் பேசிய முதல் ஆள், அவருக்குக் கெடுதல் நினைத்தேனோ என்று சொல்ல வந்தவர்.

"பேனா இருக்கா?" என்றார் மெர்ல்.

கொடுத்தார். மெர்ல் இடது கையால் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பக்கத்து ஆளிடமிருந்து மறைத்து எழுதுவது போல எழுதினார். ஒரு வரிக்கான இடத்தில் சின்ன எழுத்தில் ஓரம்வரை எழுதினார். நடுவில் ஒரு முறை நிறுத்தி, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு மடித்து நீட்டினார்.

"ரெண்டு கூட்டத்துக்குக் கேட்டிருக்கேன். இன்னொண்ணு. என்னைப் பாவம் பாத்து குளத்துக்கு ஓட்டுப் போட்டுடாத. நீ எப்பவும் போடற மாதிரி போடு. ராஸ் செத்ததுக்காக அந்தக் குளம் தப்பிச்சுதுன்னா எனக்கு வேணாம். அவருக்கு நீச்சலே தெரியாது."

நெவில் மண்டபத்துக்குப் போனபோது நாலரை மணி. பிரயனி படிவத்தை வாங்கிப் படித்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நிகழ்ச்சி நிரலில் அதை முதலில் சேர்ப்பதாகச் சொன்னார்.

பார்வையாளர் இடம் நிரம்பியிருந்தது. குளத்தின் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், வெளியே, அந்த ஊர் ஆகஸ்ட் குளிர்காலத்தின் நான்கு டிகிரியில். ஓர் அம்மாள் ரப்பர் தொப்பியும் அணிந்திருந்தார். முன்னாள் மேயர்கள் இருபத்திரண்டு பேர் சுவர்ப் படங்களிலிருந்து, இப்போது நெவில் கழுத்தில் கிடக்கும் அதே மேயர் சங்கிலியோடு, இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு நாற்காலியில் ஆள் இருந்தது.

பிரயனி எழுந்து, உறுப்பினர் காஸ்டிகனிடமிருந்து விடுப்பு விண்ணப்பம் வந்திருக்கிறது என்றார். விதிப்படி காரணத்தை வாசித்தாக வேண்டும். வாசித்தார்.

"என் கணவர் ராஸ் மே இருபத்தாறாம் தேதி இறந்துபோனார். எனக்காக யாரும் வெளியே காத்திருக்காத மண்டபத்துக்குள் எப்படி நுழைவது என்று நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டு வருகிறேன்."

துண்டு போட்டிருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் துண்டை அதற்கே உரிய வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.

டேரல் ஸ்டாப்ஸ் எழுந்தார். அவர் நெவிலின் அணி. செப்டம்பரில் உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கும்போது, நெவிலுக்கு மறுபடியும் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கும் மூன்று ஓட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. மெர்லின் இழப்பு தன்னுடைய இழப்பு என்றார் டேரல். ராஸுடன் தான் மீன் பிடிக்கப் போனதைச் சொன்னார். இப்படிப்பட்ட உருக்கமான விண்ணப்பத்தை, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வந்த தாளை, அவசர அவசரமாக முடித்துவிடுவது மெர்லுக்கே மரியாதை இல்லை என்றார். அலுவலர்கள் முறையாக ஓர் அறிக்கை தயாரிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஒத்திவைக்க முன்மொழிந்தார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அன்பாகச் சொன்னார் என்பதால் பார்வையாளர் இடத்தில் சிலர் தலையாட்டினார்கள்.

ஒத்திவைத்தால் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது. யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்லாமலே மெர்ல் போய்விடுவார். இந்த மூன்று மாதமும் அவருக்கு நடந்ததேதான் இப்போது தீர்மானமாக வந்திருந்தது.

ஓட்டெடுப்பில் டேரலும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் கை தூக்கினார்கள். நான்காவதாக ஊனா பெட்டிட் கை தூக்கினார். ஊனா மெர்லின் பக்கம். எழுபத்தொரு வயது, யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவர். பாவம் மெர்லுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று மனதார நினைத்துத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த கோஸ்டா மவ்ரோஸ், பேக்கரிக்காரர், அவரது கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அதற்குள் பிரயனி எண்ணிவிட்டார். எதிர்த்து கோஸ்டாவும் இன்னும் இருவரும். மேயர் தானும் எதிர்ப்பதாகக் கை தூக்கினார்.

நான்குக்கு நான்கு.

டேரல் நாற்காலியில் திரும்பி மேயரைப் பார்த்தார். கோபமாக அல்ல. ஒரு பெரிய டயர் ஆர்டரைக் கேன்சல் செய்யப்போகிற வாடிக்கையாளர், கடைக்காரருக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுப்பது போல.

"முடிவு செய்யும் ஓட்டு என்னுடையது" என்றார் நெவில். "ஒத்திவைப்பை எதிர்க்கிறேன். ஒத்திவைத்தால் இன்று இரவே உறுப்பினர் காஸ்டிகனின் பதவி காலியாகிவிடும். அது இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்."

ஊனா வாயில் கை வைத்துக்கொண்டார். அடுத்து விடுப்பே ஓட்டுக்கு வந்தபோது எதிர்க்க யாருக்கும் முகம் இல்லை. டேரலே கை தூக்கினார். ஒருமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேடு சொல்கிறது. அது பொய் இல்லை. தன் கழுத்துச் சங்கிலிக்கு இன்னும் நான்கு வாரம்தான் ஆயுள் என்று நெவில் தெரிந்துகொண்டது குறிப்பேட்டில் இல்லை.

நீச்சல் குளம் ஏழு மணிக்கு வந்தது. கோஸ்டா நன்றாகப் பேசினார், கண் கலங்கிப் பேசினார், நடுவில் ராஸின் பெயரையும் சொன்னார். ஊனா தன் பெயர்த்திகளைப் பற்றிப் பேசினார். ரப்பர் தொப்பி அம்மாள் இரண்டு முறை கைதட்டி, இரண்டு முறை எச்சரிக்கப்பட்டார். ஓட்டு விழுந்தபோது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: நான்குக்கு நான்கு.

பிரயனி குனிந்து நெவிலின் காதில், இப்படிச் சமமாக வரும்போது உள்ளதை உள்ளபடி விட்டுவிடுவது வழக்கம், ஆனால் கட்டாயம் இல்லை என்றார். கோஸ்டா நம்பிக்கையோடு அவரைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்பு மெர்லைக் காப்பாற்றியவர், மெர்லின் குளத்தையும் காப்பாற்றிவிட்டுப் போகட்டும் என்று அந்த அறையே எதிர்பார்த்தது. அப்படிச் செய்வது எளிது. துண்டுகளை வீசி ஆரவாரம் செய்வார்கள். டேரலின் மூன்று ஓட்டு போனாலும் மறுபக்கத்து நான்கு ஓட்டு வந்து சேரும்; சங்கிலியும் கழுத்திலேயே தங்கும். நெவிலுக்கு அது தெளிவாகவே தெரிந்தது. தெரிந்ததால்தான் கஷ்டமாக இருந்தது.

குளம் கசிந்தது. பதினாறு வருடமாக அதைத்தான் சொல்லி வந்தார். இன்றைக்கும் அது கசிந்துகொண்டுதான் இருந்தது.

"மூடுவதற்கு ஆதரவாக ஓட்டளிக்கிறேன்" என்றார்.

கூச்சல் எழுந்தது. ஒரு துண்டு வந்து மேசைமேல் விழுந்தது. காய்ந்த துண்டுதான், அதனால் சேதம் இல்லை. கோஸ்டா யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார். கூட்டம் முடிந்தபின் நெவில் பக்கவாட்டு வாசல் வழியாகப் போகவில்லை. முன்வாசல் வழியாகவே இறங்கினார். அவருக்கு வழி விட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரவினில் அதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் தண்டிப்பதில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு அவர் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது முன் மேசையில் மெர்ல் நின்றுகொண்டிருந்தார். பின்னால் கோஸ்டா, பேக்கரி மாவு படிந்த கையோடு. அவருடைய ரொட்டி வேனில்தான் வந்திருக்க வேண்டும். மெர்லின் கோட்டிலும் மாவு ஒட்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பிரயனி ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

அது, நேற்றைய தீர்மானத்தை ரத்து செய்யக் கோரும் நோட்டீஸ். மூன்று உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டிருந்தார்கள். மெர்ல், கோஸ்டா, ஊனா. ஊனாவின் கையெழுத்து தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் இருந்தது. இதைக் கொடுத்துவிட்டால் அடுத்த கூட்டம்வரை குளத்தில் யாரும் ஒரு மண்வெட்டியைக்கூட இறக்கக் கூடாது.

பிரயனி தயங்கிச் சொன்னார். நோட்டீஸ் சரியாக இருக்கிறது; ஆனால் உறுப்பினர் காஸ்டிகனுக்கு அடுத்த கூட்டத்துக்கும் விடுப்பு இருக்கிறது. அவர் வராவிட்டால் இதுவும் நான்குக்கு நான்கில் போய் நிற்கும். வந்தால், வந்த அந்த நிமிடமே விடுப்பு ரத்தாகிவிடும்.

"ரத்தாகட்டும்" என்றார் மெர்ல். பிறகு திரும்பி நெவிலைப் பார்த்தார். இரவு தூங்கியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வாய்யா மேயரு. நாற்பதாயிரம் லிட்டர்னு சொன்னியாமே நேத்து. எந்த வருஷக் கணக்கு அது?"

"போன மார்ச். இன்ஜினீயர் அறிக்கை."

"மார்ச்சுல மேல் குழாய அடைச்சு வச்சிருந்தாங்களா, தொறந்து வச்சிருந்தாங்களா? அதக் கேட்டியா?"

கேட்கவில்லை. அதைச் சொன்னார். கேட்காமலே ஒரு குளத்தைப் புதைக்கக் கிளம்பிட்டியா என்றார் மெர்ல். மேல் குழாய் திறந்திருந்தால் கசிவு இல்லை அது, வழிவு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் முப்பது வருஷம் எப்படி டயர் விற்றாய் என்று கேட்டார். கோஸ்டா தரையைப் பார்த்துக்கொண்டார். மேல் குழாயை அடைத்தாலும் அடித்தளத்தில் விரிசல் இருக்கிறது, அதற்கும் அறிக்கை இருக்கிறது என்று நெவில் பதில் சொன்னார். அந்த அறிக்கையை எழுதினவர் புதுக் குளத்துக்கு வரைபடம் போட்டவரோடு ஒரே அறையில் உட்காருகிறவர் என்றார் மெர்ல். கை உயர்ந்து மேசைமேல் விழுந்தது. தண்ணீர் வரி கட்ட வந்து வரிசையில் நின்ற இரண்டு பேர் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"அதுவும் போகட்டும்" என்றார் மெர்ல். "அந்த விரிசல் இருக்கே, அது ராஸும் நானும் கல்யாணம் ஆன வருஷத்துலயே..."

நின்றார். வாக்கியம் அங்கேயே நின்றது. மேசையின் விளிம்பை அவர் கை பற்றியது. பிரயனி எழுந்திருக்கப் பார்த்தார். நெவில் வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார். ஒருவரும் நாற்காலி கொண்டுவரவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, தோளில் கை வைக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சுவரில் ஒட்டியிருந்த நாய் உரிம அறிவிப்பைப் படித்தார்கள். நெவில் எதிர்த்தரப்பு பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் உறுப்பினரைப் போல, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மெர்ல் மூச்சை இழுத்து விட்டார்.

"கல்யாணம் ஆன வருஷத்துலயே இருந்த விரிசல்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "நாப்பத்தொரு வருஷத்துல ஒரு விரல் அகலம்கூட அது பெருசாகல. செப்டம்பர்ல வந்து காட்டறேன், அளந்து."